மறுமுனைக்கு ஓர் ஆள்

என் தாத்தாவை எண்ணும்போதெல்லாம் முதலில் என் கண்முன் தோன்றுவது அவருடைய இடது கைப் பெருவிரல். எப்போதோ சுத்தியல் பட்டுப் பிளந்த நகம், பிளந்தபடியே வளர்ந்திருந்தது. அந்த விரலைப் பற்றிக்கொண்டுதான் சிறுவயதில் தூத்துக்குடியின் கடற்கரைத் தெருக்கள் எல்லாவற்றையும் சுற்றி வந்தேன்.

அவர் தோணித் தச்சர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிப் பாய் விரித்துச் சென்ற மரத்தோணிகளைக் கட்டுவதும் செப்பனிடுவதும் அவர் தொழில். இயற்கையிலேயே வளைந்த மரத்தைத் தேடிப் பிடித்துத் தோணியின் விலாச் சட்டங்களைச் செதுக்குவார். பலகைக்கும் பலகைக்கும் இடையில் பஞ்சுத்திரியை உளி வைத்து அடித்து இறுக்கி, ஒரு சொட்டு நீரும் புகாதபடி அடைப்பார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். காகிதத்தில் வரைபடம் எதுவும் கண்டதில்லை. கண்ணும் முழக்கயிறுமே அவருக்குக் கணிதம்.

பட்டறை வேலை முடிந்து மாலையில் வீடு திரும்பினால் ஓய்வு என்பது கிடையாது. தெருவில் யாருக்கேனும் கிணற்றுச் சகடை கிறீச்சிடும், குடைக்கம்பி ஒடிந்திருக்கும், தொட்டில் ஆடாது, திருமண வீட்டுப் பெட்ரோமாக்ஸ் விளக்கு எரிய மறுக்கும். விளக்கு என்றால் தாத்தா முதலில் காற்றடிக்கும் தண்டைக் கழற்றி, அதன் நுனியிலுள்ள தோல் வளையத்தைப் பார்ப்பார். உலர்ந்து சுருங்கியிருந்தால் தேங்காய் எண்ணெயில் ஊற வைத்து, விரலால் நீவி விரித்து, மீண்டும் பொருத்துவார். “விளக்கில் கோளாறு ஏதுமில்லை. தோல் காய்ந்துபோயிற்று, அவ்வளவுதான்” என்பார். அடுத்த நிமிடம் வெண்ணிற ஒளி முற்றத்தை நிறைக்கும்.

ஒரு வழக்கம் அவரிடம் இருந்தது. பழுதான பொருளைத் தம் வீட்டுக்குக் கொண்டுவர விடமாட்டார். கருவிப்பெட்டியை என் தலையில் ஏற்றிவிட்டு, அந்தந்த வீட்டுத் திண்ணைக்குத் தாமே செல்வார். கால் மணி நேர வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அந்த வீட்டு முதியவரின் மூட்டு வலி, மகளுக்கு வந்த வரன், கொழும்பிலிருந்து கடிதம் எழுதாத மகன் என எல்லாவற்றையும் கேட்டு முடித்த பின்னரே பெட்டி மூடப்படும். கூலி ஒரு குவளை கருப்பட்டிக் காப்பி. தோணி முதலாளியான இசுலாமிய நண்பர் வீட்டிலும், உப்பளத் தொழிலாளியின் குடிசையிலும் அவருக்கு ஒரே வரவேற்பு. வீதியில் நூறடி நடக்க எங்களுக்கு அரைமணி நேரம் பிடிக்கும்.

ஆனால் ஒரு வாசலை மட்டும் அவர் நிற்காமல் கடந்து செல்வார். அது அவருடைய ஒரே தம்பியின் வீடு. எங்கள் வீட்டிலிருந்து நான்காவது கதவு. அந்த வாசல் வரும்போது பேச்சு அறுந்துவிடும். பெருவிரல் என் கையை இறுகப் பற்றும். “எல்லார் வீட்டுக்கும் போகிறீர்களே தாத்தா, சின்னத் தாத்தா வீட்டுக்கு ஏன் போகவில்லை?” என்று ஒரு நாள் கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. அன்று மாலை முழுதும் எதையோ இழைத்துக்கொண்டிருந்தார்.

காரணத்தைப் பாட்டி பின்னொரு நாள் கூறினாள். அண்ணனும் தம்பியும் இளமையில் மரம் அறுப்பவர்கள். உயர்ந்த சட்டங்களின்மேல் கட்டையை ஏற்றி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாய் நின்று பெரிய ரம்பத்தை இழுப்பார்கள். மேலே நிற்பவன் கோடு தவறாமல் ஓட்டுபவன், பெயரும் அவனுக்கே. கீழே நிற்பவன் இழுப்பவன். மரத்தூள் முழுதும் அவன் கண்ணிலும் வாயிலும் கொட்டும். இருபது ஆண்டுகள் தாத்தா மேலேயே நின்றார். 1955-இல் தகப்பன் சொத்தைப் பிரித்தபோது பட்டறைக் கொட்டகை மூத்தவருக்கே போயிற்று. “காலமெல்லாம் கீழே நின்று தூள் தின்றவன் நான். கொட்டகையும் உனக்கா?” என்று தம்பி சபையில் கேட்டார். தாத்தா சுடுசொல் ஒன்று சொன்னார். அத்துடன் பேச்சு நின்றது. பதினொரு ஆண்டுகள்.

1966-ஆம் ஆண்டு தவக்காலம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் முந்தைய டிசம்பரில்தான் முடிந்திருந்தது. குருவானவர் மக்களை நோக்கி நின்று பூசை நிறைவேற்றுவதற்கு மேசை வடிவில் ஒரு பீடம் வேண்டுமென்று பங்குத் தந்தை தாத்தாவை அழைத்தார். பொருள் அறியாமலே இலத்தீன் மறுமொழிகளை மனப்பாடமாய்ச் சொல்லி வளர்ந்தவர் அவர். அவை மறைவதில் அவருக்கு வருத்தமும் இருந்தது. எனினும் மறுக்கவில்லை. தம் வீட்டுத் தலைவாசல் கதவுக்கென்று பல ஆண்டுகளாய்க் காயவைத்திருந்த அயினிக் கட்டையைப் பீடத்துக்குத் தந்துவிட்டார். அதைப் பலகைகளாய் அறுக்க வேண்டும்.

“கூலிக்கு ஆள் கிடைக்காதா என்ன?” என்றாள் பாட்டி. தாத்தா பேசவில்லை. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகி வரும்படி ஆண்டவர் கற்பித்ததை அவர் எத்தனையோ முறை கேட்டிருப்பார். அதைப் பற்றி ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை. பரணிலிருந்த பெரிய ரம்பத்தை இறக்கி, இரண்டு நாட்கள் அமர்ந்து பல் பல்லாக அரத்தால் தீட்டினார். மூன்றாம் நாள் விடியற்காலை அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். நான் பின்னே ஓடினேன். நான்காவது கதவின் முன் நின்றார்.

சின்னத் தாத்தா வெளியே வந்தார். இருவரும் சிறிது நேரம் ரம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றனர்.

“கோவிலுக்குப் பலகை அறுக்க வேண்டும். மறுமுனைக்கு ஆள் இல்லை” என்றார் தாத்தா.

சின்னத் தாத்தா ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்றார். கதவு மூடப்படும் என்று நான் அஞ்சினேன். அவரோ சட்டையைக் கழற்றிவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

கொட்டகையில் கட்டையை ஏற்றினார்கள். கரியில் தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போட்டார்கள். சின்னத் தாத்தா பழைய வழக்கப்படி குனிந்து கீழே போகத் தொடங்கினார். தாத்தா அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். “நீ மேலே ஏறு தம்பி. இன்று நான் கீழே நிற்கிறேன்.”

“வேண்டாம் அண்ணே, கண்ணில் தூள் விழும்.”

“விழட்டும்.”

அன்று உச்சிப் பொழுதுவரை ரம்பம் மேலும் கீழும் சென்றது. தாத்தாவின் நரைத்த தலையும் புருவமும் மார்பும் அயினித் தூளில் மஞ்சளாயின. இருவர் கண்களும் சிவந்திருந்தன. கீழே நின்றவருக்குத் தூள் என்று சொல்லலாம். மேலே நின்றவருக்கு என்ன காரணம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அன்று சின்னத் தாத்தா எங்கள் வீட்டில் உணவருந்தினார். மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே உச்சரிக்கவில்லை. மீன் குழம்பில் புளி சற்று அதிகம் என்று மட்டும் இருவரும் ஒரே குரலில் கூறினர்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அந்த மேசை கோவிலில் ஏறியது. எங்கள் வீட்டுத் தலைவாசலுக்கோ பழைய கதவே நிலைத்துவிட்டது. அதன்பின் மாலை நேரங்களில் திண்ணைகளுக்குச் சென்றவர்கள் மூவர்: இரண்டு முதியவர்களும், கருவிப்பெட்டியுடன் நானும். 1979-இல் தாத்தா இறந்தபோது, சவப்பெட்டியைச் செய்ய சின்னத் தாத்தா வேறு எவரையும் அனுமதிக்கவில்லை. இரவெல்லாம் விளக்கொளியில் தனியே அமர்ந்து இழைத்தார்.

இன்று மரத்தை இயந்திரம் அறுக்கிறது. மறுமுனைக்கு ஆள் தேவையில்லை. அந்தப் பெரிய ரம்பம் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. தாத்தாவிடமிருந்து நான் கற்ற கைத்தொழில் சிறிதுதான். ஆனால் அறுந்த உறவை இணைக்கப் பெரிய சொற்கள் தேவையில்லை, செய்யத்தக்க ஒரு வேலையோடு போய் வாசலில் நின்றால் போதும் என்பதையும், அங்கே எந்த முனையில் நிற்பது என்பதையும் அவரிடம் கண்டேன்.

கண்டவன் அதன்படி நடந்தேனா? என் தங்கையின் வீட்டு வாசலை நானும் இரண்டு ஆண்டுகளாய் நிற்காமலே கடந்து வருகிறேன். இம்மழைக்காலத்தில் அவள் வீட்டுப் பின்கதவு ஊறி, நிலையில் இறுகிக்கொண்டு மூட வரவில்லையாம். பிள்ளைகள் வழியாய்ச் செய்தி வந்தது. தாத்தாவின் இழைப்புளியை எடுத்து நேற்று அலகு தீட்டி வைத்துவிட்டேன். நாளைக் காலை புறப்பட வேண்டும்.