5 இன்ச் போதும்



நான் அனுப்பும் கிதார் பதிவுகளில் பேஸே இல்லை என்று இரண்டு மூன்று பேர் சொன்னீர்கள். என் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பேஸைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி நான் பதிவில் குறைத்துவிடுவேன். கூட்டாமல் குறைக்காமல் காட்டத்தான் ஸ்டுடியோ மானிட்டர்.

பென்ஷன் வந்ததும் பேத்தியோடு மவுண்ட் ரோடு போய்க் கேட்டுப் பார்த்தேன். 8 இன்ச் ஜோடி மயக்கியது. ஆனால் கொருக்குப்பேட்டையில் நம்ம வீட்டு அறை பத்துக்குப் பத்து. சின்ன அறையில் பேஸ் மூலையில் தேங்கிக் குமுறும். கிதாரின் தடித்த கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான். 5 இன்ச் யமஹா எச்எஸ்5 பெட்டி 54 வரை இறங்கும். சுவரை ஒட்டி வைத்தால் பேஸைக் குறைத்துக்கொள்ளப் பின்பக்கம் ஒரு ஸ்விட்சும் உண்டு. போதும்.

என் பதிவையே அதில் போடச் சொன்னேன். "தாத்தா, பின்னாடி ஸ்ஸ்ஸ்னு இரைச்சல்" என்றாள் பேத்தி. கடைப் பையனும் தலையாட்டினான். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கடைசி பெஞ்சில் யார் முணுமுணுத்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட காது! வயதானால் கீச்சொலிகள்தான் முதலில் போகும். வீடு வரும்வரை நான் பேசவில்லை.

வாங்கிவிட்டேன். இரண்டு பெட்டியும் நானும் முக்கோணமாக, காது உயரத்தில் வைத்திருக்கிறேன். பேத்தி கேட்டுச் சரி என்ற பிறகே இனி பதிவு வரும். அப்படியும் இரைச்சல் இருந்தால், சார் என்ற மரியாதைக்காக மறைக்காதீர்கள். கூட்ஸ் வண்டிச் சத்தத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.