உறங்கும் கிழங்கு

உயிருள்ள ஒன்றைச் செத்ததென்று தீர்ப்பளித்துவிடுவதில் மனிதர்க்குள்ள வேகம் பெரிது. இலையுதிர்ந்த மரத்தைக் கண்டால் விறகென்பர். வாடிய கொடியைக் கண்டால் குப்பையென்பர். ஆயினும் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மவர் இவ்வகையில் எளிதில் ஏமாறார். ஆண்டுதோறும் வறண்ட மாதங்களில் பால்மரங்கள் தம் இலை முழுவதையும் உதிர்த்து மொட்டையாய் நிற்பதையும், அந்நாளில் பால் குறைவதையும், சில வாரங்களுக்குள் செந்தளிர் விட்டுக் காடு முழுவதும் மீண்டும் தழைப்பதையும் கண்டவரன்றோ அவர்? மரம் சாகவில்லை, ஓய்வெடுக்கின்றது என்பது பால் வெட்டும் எவருக்கும் தெரியும்.

அவ்வறிவைத் துணையாகக் கொண்டு, நேயர்களிற் பெரும்பாலோர் கண்டிராத ஒரு செடியைப் பற்றி எழுதப் புகுகின்றோம். அதன் பெயர் சைக்ளமன். நாம் பிறந்தது பேராக்கிலுள்ள ஒரு தோட்டத்து லயத்தில். 1973ஆம் ஆண்டில் தாதித் தொழில் பயில இங்கிலாந்து சென்று, அங்கேயே இல்லம் அமைத்துக்கொண்டோம். அவ்வில்லத்துக் கொல்லையில் முப்பதாண்டுக்கு மேலாக இச்செடி வளர்ந்து வருகின்றது. குளிர்காலம் இல்லாத மலாய் நாட்டுச் சமவெளியில் இது வளராது. வளராத செடியைப் பற்றி நமக்கென்ன என்று நேயர்கள் கேட்கலாம். செடி இங்கு வளராவிடினும், அதைச் சுற்றி வளர்ந்த சில எண்ணங்கள் எங்கும் வளர்வன. அவற்றைச் சொல்லவே இக்கட்டுரை.

சைக்ளமன் இனத்தில் இருபதுக்கு மேற்பட்ட வகைகள் உள. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளே அவற்றிற் பெரும்பாலானவற்றின் தாயகம். மேற்கே ஸ்பெயின் முதல் கிழக்கே ஈரான் வரை அவை பரவியுள்ளன. ஒரு வகை மட்டும் தனித்து ஆப்பிரிக்காவின் சோமாலியாவில் உள்ளது. கடைகளில் தொட்டியில் வைத்து விற்கப்படும் பெரும்பூச் சைக்ளமன், பெர்சிகம் என்னும் வகையிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்டது. அது உறைபனி தாங்காது. திறந்த கொல்லையில் பனியையும் தாங்கி நிற்பவை வேறு. இலையுதிர் காலத்தில் பூக்கும் ஹெடரிஃபோலியம், கடுங்குளிர் முடியுமுன்னரே பூக்கும் கோவம் ஆகிய இரண்டும் அவற்றுள் பேர்பெற்றவை. நம் கொல்லையில் இருப்பது முன்னது. ஐவிக் கொடியின் இலையை ஒத்த இலையுடையது என்பதே அப்பெயரின் பொருள்.

இதன் வாழ்க்கை முறை விந்தையானது. ஆகஸ்டு மாதக் கடைசியில், மற்றச் செடிகள் களைத்து நிற்கும் பொழுது, வெறுந்தரையிலிருந்து பூ மட்டும் எழும். இலை ஒன்றும் இராது. ஐந்து இதழ்களும் பின்னோக்கி மடிந்து மேலெழுந்து நிற்க, வாய் மட்டும் மண்ணைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும். நிறம் இளஞ்சிவப்பு, சில வெண்மை. உயரம் ஒரு சாண்கூட இராது. பூத்த பின்னரே இலை வரும். வெள்ளிக் கோலமிட்டாற்போன்ற அவ்விலைகள் குளிர்காலம் முழுவதும் பசுமையாயிருந்து, மரங்கள் மொட்டையாய் நிற்கும் அந்நாளில் தம் மேல் விழும் சிறு வெயிலை உண்டு கிழங்கில் உணவைச் சேர்க்கும். கோடை நெருங்கியதும் இலை மஞ்சளித்து மறையும். பின் மூன்று மாதங்கள் மண்ணின் மேல் அடையாளமே இராது. அதன் தாயகத்தில் கோடை என்பது மழையற்ற வறட்சிக் காலம். அக்காலத்தை மண்ணுக்குள் உறங்கிக் கழிப்பது அச்செடி தன் பிழைப்புக்குக் கண்ட வழி. கருணைக்கிழங்கு நட்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். தண்டு சாய்ந்துவிட்டதென்று கிழங்கைக் குப்பையில் எறிபவர் அவருள் எவரும் இலர்.

வளர்க்கும் முறை கடினமன்று. இலையுதிர்க்கும் மரத்தின் அடியே இதற்கேற்ற இடம். கோடையில் மரநிழல் கிழங்கைக் காக்கும். குளிர்காலத்தில் மரம் இலையின்றி நிற்பதால் ஒளி கிடைக்கும். நீர் தேங்கும் நிலம் ஆகாது. தேங்கினால் கிழங்கு அழுகும். மட்கிய இலையை மண்ணுடன் கலந்து, கிழங்கின் மேல் இரண்டு விரற்கடை மண் மூடுமாறு நடுதல் வேண்டும். ஒன்றை மட்டும் கருத்திற் கொள்ளுதல் நலம். ஹெடரிஃபோலியத்தின் வேர் கிழங்கின் மேற்புறத்திலிருந்தும் பக்கங்களிலிருந்தும் புறப்படும், அடிப்பக்கம் மொழுமொழுவென்றிருக்கும். வேர் கீழேதான் இருக்குமென்று தலைகீழாக நட்டுவிடுவோர் பலர். கிழங்கு நச்சுத்தன்மை உடையதாதலால் குழந்தைகள் கைக்கு எட்டாது வைத்தலும் வேண்டும். நம் நாட்டில் துபா வேரை ஆற்றில் கரைத்து மீன் பிடிப்பது போல, மத்தியதரைக் கடற்புறத்தாரும் இக்கிழங்கை இட்டு மீன் பிடித்ததுண்டு. ஆயினும் பன்றிகள் இதனைக் கிளறித் தின்னும் என்பதனால் பன்றி ரொட்டி என்றொரு பழம்பெயரும் ஆங்கிலேயர் இதற்கு இட்டனர்.

இனி, கிழங்கை எங்கே பெறுவது? இவ்வினாவில் ஓர் அறம் அடங்கியுள்ளது. துருக்கி நாட்டு மலைக்காடுகளிலிருந்து சைக்ளமன் கிழங்குகள் பெருந்தொகையாகக் கெல்லியெடுக்கப்பட்டு, மேலை நாட்டுச் சந்தைகளுக்கு மூட்டை மூட்டையாய் அனுப்பப்பட்ட காலம் உண்டு. காய்ந்து, வேரறுந்து வந்த அவற்றுட் பல மீண்டும் துளிர்க்கவே இல்லை. அழியும் நிலையிலுள்ள உயிர்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்த 1973ஆம் ஆண்டில் வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975இல் நடைமுறைக்கு வந்த உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் அட்டவணையில் சைக்ளமன் இனமும் இடம் பெற்றுள்ளது. உரிய அனுமதிச் சீட்டின்றிக் காட்டுக் கிழங்கை நாடு கடத்துதல் இன்று குற்றம். ஒரு நாட்டுச் செடி மறு நாடு செல்வதைத் தவறென்று நாம் கூறவில்லை. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனிலுள்ள கியூ தோட்டத்திற்கு விதையாய் வந்த இனமே ரப்பர். 1877இல் 22 கன்றுகளாய்ச் சிங்கப்பூர் சேர்ந்து, நம் முன்னோரின் வியர்வையைக் குடித்து வளர்ந்ததும் அதுவே. ஆயின் விதையைக் கொண்டு பயிரிடுவது வேறு. காட்டைக் கெல்லி வெறுமையாக்குவது வேறு. ஆதலின் விதையால் வளர்ப்பதே நேரிய வழி.

விதை வழி என்றால் பொறுமை வேண்டும். பூ கருவுற்றதும் அதன் காம்பு சுருள்வில் போலச் சுருண்டு, காயை மண்ணருகே இழுத்து வைத்துக்கொள்ளும். சக்கரம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து சைக்ளமன் என்ற பெயர் பிறந்தது. அது உருண்ட கிழங்கைக் குறித்ததென்பார் சிலர். சுருண்ட காம்பைக் குறித்ததென்பார் சிலர். அடுத்த கோடையில் காய் வெடிக்கும். விதையைச் சுற்றி இனிய பசை ஒன்றுண்டு. எறும்புகள் அதற்காக விதையைத் தூக்கிச் சென்று, பசையை உண்டு, விதையை விட்டுச் செல்லும். கூலி பெற்றுக்கொண்டு விதைக்கும் உழவர் அவை. நாமே விதைப்பதாயின், புதுவிதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, மண்ணில் இட்டு, வெளிச்சம் படாமல் மூடுதல் வேண்டும். இருளில்தான் அது முளைக்கும். முதல் ஆண்டில் பெரும்பாலும் ஓர் இலையே காணும். பூ வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

நம் கொல்லையில் அவ்விதையை முதலில் ஊன்றியவர் நம் அன்னையார். நாற்பதாண்டுக் காலம் பால் வெட்டியவர் அவர். தோட்டம் கைம்மாறி, நிலம் வீடு கட்டுவதற்கென விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்ட பொழுது, 1994ஆம் ஆண்டில், தம் எழுபதாம் வயதில் நம்மிடம் வந்து சேர்ந்தார். மொழி தெரியாத ஊர். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. வேலியின் அப்புறமிருந்து அடுத்த வீட்டு முதியவர் ஒரு பிடி விதையைச் சைகையுடன் நீட்டினார். மூன்று விரலைக் காட்டி, மூன்று ஆண்டு என்றார். அன்னையார் அதனைப் புரிந்துகொண்டார். அவரைக் காண வந்த உறவினர் ஒருவர், "இந்த வயதில் மூன்று வருஷம் கழித்துப் பூக்கும் செடி எதற்கு, அக்கா?" என்றார். "பால்மரம் நட்டு ஆறு வருஷம் காத்திருந்து வெட்டினோமே, தம்பி. அது யாருக்கு?" என்றார் அன்னையார். உறவினர் அதன்பின் பேசவில்லை.

இங்கே, இச்செடியைப் பற்றிய ஒரு பழைய நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். கருவுற்ற பெண் இக்கிழங்கைத் தாண்டி நடந்தால் கரு சிதையும் என்று சொல்லப்படுவதை, முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வைத்தியர் டயஸ்கோரிடிஸ் எழுதி வைத்தார். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழிந்தன. லண்டனில் ஜான் ஜெரார்டு என்பவர் 1597ஆம் ஆண்டில் பெரிய மூலிகை நூலொன்றை வெளியிட்டார். தம் தோட்டத்துச் சைக்ளமனைப் பெண்கள் அறியாது தாண்டிவிடாதபடி சுற்றிலும் குச்சி நட்டு, குறுக்கேயும் குச்சியிட்டுக் காவல் செய்திருப்பதாக அந்நூலில் அவர் எழுதினார். கற்றவர், செடிகளை நாள்தோறும் கையாண்டவர், எனினும் முன்னோர் சொன்னதைச் சோதித்துப் பாராமல் வேலி போட்டார். மூடத்தனம் கீழை நாட்டுக்கே உரிய சொத்தென்று நம்மை இகழ்வார்க்கும், மேலை நாட்டார் பிறக்கும்பொழுதே பகுத்தறிவோடு பிறந்தனர் என்று மயங்குவார்க்கும் இஃது ஒரு பாடம். அவர்கள் கேள்வி கேட்டுக் கேட்டு அவ்வேலியைப் பிடுங்கினார்கள். இன்று இங்கிலாந்தில் கருவுற்ற பெண்கள் அச்செடிக்கருகே அச்சமின்றி மண் கொத்துகின்றனர்.

நம்மவர் நட்ட வேலிகள் என்னாயின? அன்னையார் முப்பத்திரண்டாம் வயதில் கணவரை இழந்தவர். அன்று முதல் அவர் கூந்தலில் பூ ஏறியதில்லை. இங்கிலாந்தில் நம்மவர் இல்லத் திருமணம் ஒன்றிற்கு அவரை அழைத்துச் சென்றிருந்தோம். பூத்தட்டு வரிசையாக வந்தது. அவரருகே வந்ததும், தட்டேந்திய அம்மையார் அவரைத் தாண்டி அடுத்தவரிடம் நீட்டினார். அன்னையாரும், அதுவே முறை என்பது போல், முன்னரே கையை மடியில் மறைத்துக்கொண்டார். கடல் கடந்து பல்லாயிரங் கல் தொலைவு வந்தும் அவ்வேலி அவரோடு வந்திருந்தது. அன்று நமக்கு எழுந்த சினம் பெரிது. அருகில் அமர்ந்திருந்த நம் மகள் பத்து வயதுச் சிறுமி. "பாட்டிக்கு ஏன் கொடுக்கவில்லை?" என்று அவள் உரக்கக் கேட்டாள். விடை சொல்வார் ஒருவரும் இலர்.

1997ஆம் ஆண்டுச் செப்டம்பரில் அன்னையார் விதைத்த செடிகளுள் ஒன்று முதன்முதலாகப் பூத்தது. மகள் அதனைக் கொய்து வந்து, கேளாமலே பாட்டியின் நரைத்த கொண்டையில் செருகினாள். அன்னையாரின் கை விரைந்து மேலே சென்றது. பூவைத் தொட்டது, அங்கேயே சற்று நின்றது. பின் அதனை எடுக்காமலே கீழே இறங்கிற்று. அன்று பொழுது சாயும் வரை அப்பூ அங்கிருந்தது. வீட்டில் ஒரு தீங்கும் நேரவில்லை; கூரை இடிந்து விழவில்லை. அதன்பின் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில், கேட்பாரின்றித் தாமே ஒன்றைப் பறித்துச் சூடிக்கொள்வார். 2003ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் விதைத்த கிழங்குகள் இன்று தட்டளவு பருத்துள்ளன. எறும்புகள் அவற்றின் விதையை வேலி தாண்டிக் கொண்டுபோய், முன்பு விதை தந்த முதியவரின் மனைக்குள்ளும் முளைக்கச் செய்துள்ளன.

நேயர்காள்! கணவன் இறந்த நாளோடு ஒரு பெண்ணின் மகிழ்ச்சியும் இறந்துவிட்டதென்று தீர்ப்பளிக்க எவர்க்கு உரிமையுண்டு? வேலை ஓய்ந்ததும் முதியோரின் அறிவு ஓய்ந்துவிட்டதென்று எவர் கண்டார்? உறங்கும் கிழங்கைச் செத்ததென்று எறிபவனுக்கு நட்டம் ஒரு செடிதான். உயிரோடிருப்பவரைச் செத்தவராக நடத்தும் வழக்கத்தால் நாம் இழப்பது நம் தாய்மாரின் அரை வாழ்நாள். அடுத்த முறை உங்கள் இல்லத்து மங்கல நாளில் பூத்தட்டு வலம் வருங்கால், அது எவரையேனும் தாண்டிச் செல்கின்றதா என்று பாருங்கள். செல்லுமாயின், தட்டை வாங்கி நீங்களே அவர் முன் நீட்டுங்கள். அவர் கையை மறைத்துக்கொண்டாலும் சற்றுக் காத்திருங்கள்.