தண்ணீர் மேல் போட்ட பழி

பழவேற்காடு பஜாரில் எனக்கு ஒரு பியூட்டி பார்லர் இருக்கிறது. சுருட்டை முடியை நேராக்குவதுதான் அதன் பெரிய வருமானம். புருவம் திருத்தினால் சில்லறை வரும். ஒரு தலையை நேராக்கினால் கடை வாடகையே வந்துவிடும். அந்தக் காசுக்காக என்ன செய்தேன் என்பதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னை என்ன சொன்னாலும் எனக்குத் தகும்.

என் முடியும் சுருட்டைதான். குப்பத்தில் பிறந்தவள். அம்மா இறால் விற்பாள். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் ‘பரட்டை’. அம்மா எண்ணெயை வழிய வழியத் தேய்த்து, சீப்பை உச்சியிலிருந்து இழுத்து, ரெட்டைச் சடை போட்டு அனுப்புவாள். மதியத்துக்குள் கடற்காற்று அதைக் கிளப்பிவிடும். சென்னைக்கு அழகுக்கலை படிக்கப் போனேன். அங்கே முதல் வேலையாக என் தலையைத்தான் நேராக்கிக்கொண்டேன். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஊரே பார்த்தது. அந்தப் பார்வை எனக்குத் தலைக்கேறிவிட்டது. அதற்குப் பிறகு சுருட்டை முடியோடு யார் கடைக்குள் வந்தாலும் விடமாட்டேன். வேறெதற்கோ வந்திருப்பார்கள். “இதை இப்படியே விட்டா எப்படிம்மா?” என்று கேட்பேன். என்னைப் பரட்டை என்றவர்களின் குரல் அது. தெரிந்தேதான் அந்தக் குரலில் பேசினேன்.

பிறகு கெரட்டின் ட்ரீட்மென்ட் வந்தது. க்ரீமைத் தடவிக் காயவைத்து 230 டிகிரி சூட்டில் அயர்னை இழுக்க வேண்டும். புகை கிளம்பும். கண் எரியும், தொண்டை கரிக்கும். பாட்டிலின் முன்பக்கத்தில் ‘பார்மால்டிஹைட் இல்லை’ என்று பெரிய எழுத்து. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மெத்திலீன் கிளைக்கால். பார்மால்டிஹைட் தண்ணீரில் கரைந்தால் அதற்கு அந்தப் பெயர். சூடு பட்டால் மறுபடியும் பார்மால்டிஹைட் வாயுவாகக் கிளம்பும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்துவிட்டது. இதையெல்லாம் பின்னால்தான் படித்தேன். ஆனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். பள்ளிக்கூட ஆய்வகத்தில் தவளை மிதந்த ஜாடியின் நெடி அது. பாட்டிலைத் திறந்த முதல் நாளே மூக்கு சொல்லிவிட்டது.

2018ல் மீனில் பார்மலின், அதாவது தண்ணீரில் கரைத்த பார்மால்டிஹைட், கலக்கிறார்கள் என்று கேரளத்தில் கிளம்பிய செய்தி சென்னையையும் கலக்கியது. விடியலில் பழவேற்காடு ஏரியில் பிடித்த இறாலை அம்மா விற்க முடியாமல் கூடையோடு திருப்பிக் கொண்டுவந்தாள். “உசுரோட துள்ளுதே, இதுக்கு எதுக்குடி மருந்து?” என்று தெருவில் நின்று கத்தினாள். நானும் பக்கத்தில் நின்று கத்தினேன். கத்திவிட்டுக் கடைக்குப் போனேன். ஏசி குளிர் போய்விடக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தினேன். அதே மருந்தை ஊரார் பெண்களின் தலையில் தடவிச் சூடு காட்டினேன்.

என்னிடம் ஒரு பெண் வேலைக்கு இருந்தாள். அவளுக்கு இளைப்பு வந்தது. “அக்கா, கதவைக் கொஞ்சம் தெறக்கட்டுமா?” என்று கேட்பாள். கஸ்டமருக்கு வேர்க்கும் என்பேன். நல்ல முகக்கவசம் ஒன்று வாங்கினேன், எனக்கு மட்டும். ஒருநாள் அவள் வேலைக்கு வரவில்லை. சொல்லாமல் நின்றுவிட்டாள் என்று பாதிச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் அக்கா மகளுக்குக் கல்யாணம். அவளுக்கு ஏற்கெனவே ஒருமுறை, முடியை நேராக்கும் இன்னொரு முறையான ரீபாண்டிங் செய்திருந்தேன். கல்யாணத்துக்காக அதையே மறுபடியும் செய்தேன். முடியின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். முதல் க்ரீம் அவற்றை அறுக்கும். அயர்ன் நேராக்கும். இரண்டாவது மருந்து நேரான வடிவத்தில் பூட்டும். ஒருமுறை அறுத்துப் பூட்டிய முடியில் மறுபடி க்ரீம் படக் கூடாது. வேர்ப்பக்கம் புதிதாக வளர்ந்ததற்கு மட்டும்தான் தடவ வேண்டும். ஒரு கற்றையில் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். இவை பயிற்சியின் ஆரம்பப் பாடங்கள். மற்றவர்களுக்குச் செய்யும்போது தவறாமல் பார்ப்பேன். இவள் காசு தரப்போவதில்லை. அதனால் சோதிக்கவில்லை. வேரிலிருந்து நுனிவரை ஒரே அப்பாக அப்பினேன். அந்த நேரத்தில் இன்னொரு கல்யாணப் பெண் வந்தாள். காசு கொடுக்கிற தலை. அங்கே போய்விட்டேன்.

“சித்தி, உச்சந்தலை எரியுது.”

“பொறுத்துக்கோ. அஞ்சு நிமிஷம்.”

அஞ்சு நிமிஷத்தில் நான் வரவில்லை. அவள் மறுபடியும் கூப்பிட்டாள். காதில் விழுந்தது. அப்போதும் வரவில்லை.

கழுவும்போது முடி ஜவ்வுமிட்டாய் மாதிரி இழுபட்டது. பிறகு கைநிறைய அறுந்து வந்தது. அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். அவள் கண் திறப்பதற்குள் அதைப் பழைய பேப்பரில் சுருட்டிக் குப்பைத்தொட்டியின் அடியில் அமுக்கினேன். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மிச்சமிருந்ததையாவது காப்பாற்றியிருக்கலாம். நான் அதன்மேல் அயர்னும் போட்டேன்.

மறுநாள் அக்கா அவளை இழுத்துக்கொண்டு வந்தாள். உச்சியில் பாதி முடி இல்லை. தோல் சிவந்து நீர் கோத்திருந்தது. “என்னடி பண்ணே எம் பொண்ணை?” என்றாள். கடையில் ஆட்கள் இருந்தார்கள்.

“மூணு நாள் தண்ணி படக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பினேன். போர் தண்ணியை ஊத்திக்கிட்டிருக்கா. உப்புத் தண்ணி. முடி தாங்குமா?”

அவள் குளிக்கவில்லை. எனக்குத் தெரியும். “இல்லம்மா” என்று அவள் வாயைத் திறக்கும்போதே அக்கா அவள் கன்னத்தில் அறைந்தாள். நான் தடுக்கவில்லை. “விடுக்கா, சின்னப் பொண்ணு” என்று பெருந்தன்மை வேறு காட்டினேன்.

சவுரி வைத்துப் பூவைச் சுற்றி நானே அலங்காரம் செய்தேன். மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியம்மா, “பொண்ணுக்குத் தலையில ஏதாச்சும் சீக்கா?” என்று அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். அக்கா அழுததைப் பார்த்தேன். அலங்காரத்துக்குக் காசு வாங்காததைச் சொல்லிக் காட்டவும் மறக்கவில்லை.

2020ல் ஊரடங்கு வந்து கடையைப் பூட்டினேன். என் தலையில் வேர்ப்பக்கம் சுருட்டை எழும்பியது. முடி நேராவது வெளியே வளர்ந்த பகுதியில்தான். வேர் எந்த க்ரீமுக்கும் கட்டுப்படாது. அக்கா மகள் அப்போது பிரசவத்துக்கு வந்திருந்தாள். கெட்ட முடியை வெட்டிவிட்டுக் காதளவில் சுருள் சுருளாக வைத்திருந்தாள். போனில் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். அவள்தான் என்னை முற்றத்தில் உட்காரவைத்தாள். சுருட்டை முடியை எப்படி ஒழிப்பது என்றுதான் எனக்குப் பாடம் நடத்தியிருந்தார்கள். அதை வைத்துக்கொள்வது எப்படி என்று யாரும் சொல்லித்தந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

காய்ந்த தலையில் சீப்பே படக் கூடாது என்றாள். மண்டைத்தோலில் ஊறும் எண்ணெய்ப்பசை வளைந்து வளைந்து போகும் முடியில் நுனிவரை இறங்காது. அதனால்தான் சுருட்டை முடி எப்போதும் வறண்டு கிடக்கிறது, உலர்ந்தபடி இழுத்தால் ஒடிகிறது. நனைத்து, கண்டிஷனர் வழுவழுப்பு இருக்கும்போதே, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுக்க வேண்டும். ஷாம்பூ மண்டைக்கு மட்டும். கடைசியாக ஒரு சொம்பு கேன் தண்ணீர். போர் தண்ணீரின் சுண்ணாம்புச் சத்து முடிமேல் படிந்தால் சொரசொரப்பாகும். ஆளிவிதையைக் கொதிக்கவைத்து வடித்த கொழகொழப்பை ஈரத்திலேயே தடவிக் கசக்க வேண்டும். துண்டால் உதறித் துடைக்காமல் தாத்தாவின் பழைய வேட்டியால் ஒற்றினாள். காய்ந்ததும் கையால் பிடித்துப் பார்த்தேன். சிறுவயதிலிருந்து நான் வெறுத்த முடி இதுதான். பின்னால் 2023ல் ஓர் ஆய்வு வந்தது. பொம்மைத் தலைக்கு விதவிதமான முடி மாட்டி வெயில் போன்ற விளக்கொளி காட்டியதில், மண்டைக்குச் சூடு இறங்காமல் நன்றாகத் தடுத்தது நெருங்கிச் சுருண்ட முடிதானாம். உச்சி வெயிலில் மீன் ஏலக் கரையில் நிற்கிற ஊர் எங்களுடையது.

முற்றத்தில் அன்று அவளுக்கு வயிறு முட்டிக்கொண்டிருந்தது. குனிய முடியாமல் குனிந்து என் தலையைக் கசக்கினாள். அவள் உச்சியில் ஒரு ரூபாய் அளவுக்கு வழவழவென்று ஓர் இடம் தெரிந்தது. தோல் வெந்து வேர் செத்த இடம். இனி அங்கே முளைக்காது. “அன்னிக்குத் தப்பு என்னுதுதான். தண்ணி மேல பொய்ப் பழி போட்டேன்” என்றேன். கை கொஞ்ச நேரம் நின்றது. “தலையைக் குனி சித்தி” என்றாள். அதற்குமேல் அவள் எதுவும் பேசவில்லை. மன்னித்தாள் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

கெரட்டினை நிறுத்திவிட்டேன். ரீபாண்டிங்கை நிறுத்தவில்லை. 2022ல் அமெரிக்காவில் 33,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பல வருடம் கவனித்த ஆய்வு வெளியானது. நேராக்கும் மருந்தே போடாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம்; அடிக்கடி போடுகிறவர்களுக்கு 4.05. மருந்துதான் காரணம் என்று அது அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் கேட்டு வருகிறவர்களிடம் சொல்கிறேன். பாதிப்பேர் எழுந்து போகிறார்கள். மீதிப்பேருக்குச் செய்கிறேன், ஜன்னலைத் திறந்து வைத்து. வாடகை கட்ட வேண்டுமே என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

வேலைக்கு இருந்த பெண்ணின் பாதிச் சம்பளம் இன்னும் என்னிடம்தான். அவள் எண் போனில் இருக்கிறது. அக்காவிடமும் இன்னும் சொல்லவில்லை. மகள்தான் சொல்பேச்சைக் கேட்காமல் முடியைக் கெடுத்துக்கொண்டாள் என்று இன்றும் விசேஷ வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். அக்காவுக்குப் பத்திரிகை படிக்கிற வழக்கமில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேனோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.