அறுபதாயிரத்தில் ஆறாயிரம் எங்கே?

மாதச் சம்பளத்தை உதறிவிட்டுச் சொந்தமாகத் தொழில் செய்யும் உத்தேசம் உங்களில் யாருக்காவது இருக்கிறதா, சகோதரிகளே? அப்படியானால் என் கதையைக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

சென்னையில் ஒரு நிறுவனத்தில் பதினோரு வருஷம் வீட்டு உள் அலங்கார வேலை பார்த்தவள் நான். ஊரார் வீட்டுச் சமையலறைக்கும் பூஜை மாடத்துக்கும் படம் போட்டுக் கொடுத்தேனே தவிர, என் வீட்டில் இருந்த நேரம் சொற்பம். 2024 மார்ச்சில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ராஜிநாமாக் கடிதத்துடன் போய் நின்றேன். முதலாளி நல்ல மனிதர். "வீட்டிலிருந்தே படம் போட்டுக் கொடுங்கள், அம்மா. சம்பளமாக வேண்டாம், கான்ட்ராக்டாக வைத்துக்கொள்வோம். அதே 60,000 ரூபாய்" என்றார்.

'அதே' என்ற வார்த்தையில் நான் மயங்கிப் போனேன்.

முதல் மாதம் முடிந்தது. பாங்கியில் வந்து விழுந்ததோ 54,000! ஜூனில் பெண்ணுக்குக் காலேஜ் பணம் கட்டவேண்டும். மாமியாருக்கு மருந்துச் செலவு வேறு. எனக்கு வந்த கோபத்தில் அன்று ரசத்துக்கு உப்புப் போட மறந்தேன். நேரே அத்திம்பேர் வீட்டுக்கு ஓடினேன். அவர் ஆடிட்டர் ஒருவரிடம் நாற்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர்.

"அசடே, யாரும் உன்னை ஏமாற்றவில்லை" என்று சிரித்தார். "தொழில் கட்டணம் கொடுக்கிற நிறுவனம் நூற்றுக்குப் பத்து பிடித்து, உன் பான் எண்ணில் சர்க்காருக்குக் கட்டவேண்டும். இது வரி முன்பணம். வருஷ முடிவில் உன் வரி இதைவிடக் குறைவு என்றால், படிவம் போட்டுத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்."

பிறகு ஒரு சலுகையையும் சொன்னார். வக்கீல், டாக்டர், எஞ்சினீயர் போன்ற சில தொழில்களுக்கு, வருஷ வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், வரவில் பாதியை லாபம் என்று காட்டினால் போதும். செலவுச் சீட்டுகளைக் கட்டுக் கட்டாகச் சேர்க்கவேண்டாம். அந்த ஜாபிதாவில் வீட்டு உள் அலங்காரமும் உண்டாம்! அதற்கான படிவத்துக்குப் பெயரே 'சுகம்'. எனக்குப் பாதி உயிர் வந்தது.

"அது போகட்டும். 'அதே அறுபதாயிரம்' என்றாரே, அதே தானா என்று பார்த்தாயா?" என்று கேட்டார் அத்திம்பேர். ஒரு காகிதத்தை எடுத்து எழுதச் சொன்னார். நிறுவனம் என் பேரில் மாதா மாதம் போட்டு வந்த பிராவிடண்ட் பண்டு 1,800. குடும்பம் முழுவதற்கும் எடுத்திருந்த ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ். வருஷம் ஒன்றுக்குப் பதினைந்து நாள் சம்பளமாகச் சேரும் கிராஜுவிட்டி. சம்பளத்தோடு கூடிய லீவு. எழுத எழுத என் முகம் சுருங்கியது. எல்லாமே போயிருந்தன, எதற்கும் நான் விலை கேட்கவில்லை.

மறுநாள் அந்தக் காகிதத்தோடு முதலாளியிடம் போனேன். பேசும்போது குரல் நடுங்கியது, பொய் சொல்வானேன்? பேரத்துக்குப் பின் ஜூலையிலிருந்து 68,000 என்று முடிந்தது. வாய் திறந்து கேட்டதற்குக் கூலி மாதம் 8,000!

அடுத்த சோதனை வேளச்சேரியிலிருந்து வந்தது. புது அடுக்குமாடி வீடு வாங்கிய ஓர் அம்மாள், "எட்டு லட்சத்தையும் உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். மரம், ஆசாரி, பெயிண்ட் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாள். அதில் என் கட்டணம் 60,000. எட்டு லட்சம் நம் கணக்கில் வந்து போவதென்றால் பெருமையாக இராதா?

அத்திம்பேர் தலையில் அடித்துக்கொண்டார். "எட்டு லட்சமும் உன் வரவாக நிற்கும். அதில் பாதி லாபம் என்று காட்டினால், 60,000 சம்பாதித்தவள் 4 லட்சம் சம்பாதித்ததாக ஆகும். இப்படி மூன்று வீடு எடுத்தால் 24 லட்சம். 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வந்து சேரும். மரத்துப் பணம் நேரே மரக்கடைக்குப் போகட்டும். உன் கட்டணத்துக்கு மட்டும் நீ பில் கொடு."

அப்படியே செய்தேன். கட்டணத்தை மூன்று பங்காக்கி, கடைசிப் பங்கை 'வேலை முடிந்தபின்' என்று எழுதிக்கொண்டேன். அங்கேதான் சறுக்கினேன். படம் கைக்குப் போனபின் யாருக்கு அவசரம்? அந்த 20,000-க்காக நாலு மாதம் நடந்தேன். அடுத்த வீட்டில் கடைசிப் பங்கு வந்த பிறகே கடைசிப் படத்தைக் கொடுத்தேன்.

வருஷ முடிவில் மொத்த வரவு 9,12,000. பாதி 4,56,000. புதிய வரி முறையில் அந்த 2024-25-ஆம் வருஷத்துக்கு 7 லட்சம் வரை தள்ளுபடி இருந்ததால், வரி ஒரு பைசாவும் இல்லை. பிடித்திருந்த 79,200-ம் திரும்பி வந்தது. உங்களுக்கும் அப்படியே வரும் என்று நினைத்துவிடாதீர்கள். வரம்புகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். 2026 ஏப்ரல் முதல் வருமான வரிக்குப் புதுச் சட்டமே வந்திருக்கிறது. வரவு கூடி வரி விழுமானால், பாதிக் கணக்குக் காட்டுகிறவர்கள் மார்ச் 15-க்குள் கட்டிவிடவேண்டும். கையெழுத்துப் போடுமுன் ஒரு நல்ல ஆடிட்டரைக் கேளுங்கள். அவருக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

பணம் வந்த செய்தியை மாமியாரிடம் குதித்துக்கொண்டு சொன்னேன். தடியை ஊன்றி நடந்து வந்தவர், "மாதா மாதம் ஆறாயிரம் போச்சு என்று அழுதாயே! கையில் கொடுத்திருந்தால் இதை மிச்சம் பிடித்திருப்பாயாடி?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா?