லூம் என்று பெயர் வைத்த அறை

மும்பை லோயர் பரேலில் ஒரு நிறுவனம், அம்பேத்கர் ஜெயந்திக்குப் பேச என்னை அழைத்திருந்தது. பழைய பஞ்சாலை ஒன்றைப் புதுப்பித்து அலுவலகம் ஆக்கியிருக்கிறார்கள். பூச்சு உரித்த கல்சுவர், பாலிஷ் போட்ட இரும்புத் தூண்கள், வரவேற்பறையில் விளக்கு வெளிச்சத்தில் ஒரு பழைய தறி. நான் பேசவேண்டிய அறைக்கு 'லூம்' என்று பெயர். "இதுதான் சார் அந்தக் காலத்து நெசவுக்கூடம்" என்று பெருமையாகச் சொன்னார் என்னை அழைத்துப்போன இளைஞர்.

கூட வந்திருந்த மராத்தித் தோழர் மெல்லச் சிரித்தார். அவருடைய தாத்தா 1930களில் பஞ்சாலைத் தொழிலாளி. "நூற்புப் பிரிவில்தான் வேலை. நெசவுப் பக்கம் அவரை விட்டதே இல்லை" என்றார்.

ஏன் விடவில்லை? தறியில் தார் தீர்ந்ததும் புதுத் தாரை நாடாவுக்குள் வைத்து, நூல் முனையை அதன் துளைவழியாக வாயால் உறிஞ்சி இழுக்கவேண்டும். தீண்டப்படாதவரின் எச்சில் பட்ட நாடாவில் நாங்கள் வாய் வைப்பதா என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். நெசவில்தான் கூலி அதிகம். ஆக, எச்சில் என்ற பெயரில் நம் மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது கூலி. 1928 பொது வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் தொழிற்சங்கத் தலைவர்களிடம் நேராகக் கேட்டது இதைத்தான்: எங்கள் ஆட்களை நெசவில் சேர்க்காத வேலைநிறுத்தத்தில் எங்களுக்கு என்ன பங்கு?

அந்த நாடாவும் இப்போது வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பக்கத்தில் உள்ள பலகையில் ஆலை கட்டிய ஆண்டு இருக்கிறது. முதலாளியின் பெயர் இருக்கிறது. இந்தக் கதை இல்லை.

இன்னொரு கதையும் இல்லை. 1982 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறங்கினார்கள். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1991இல் ஒரு விதி வந்தது. ஆலை நிலத்தை வேறு பயனுக்கு மாற்றினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பூங்கா, மைதானத்துக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மீதிதான் முதலாளிக்கு. 2001இல் அதைத் திருத்தினார்கள். கட்டடம் இல்லாத காலி நிலத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்றார்கள். 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. கட்டடம் நின்ற நிலமெல்லாம் கணக்கிலிருந்து போயிற்று. கல்சுவரின் அழகைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் பேச எழுந்தபோது, நீலச் சீருடையில் நான்கைந்து பேர் கதவோரம் நின்றிருந்தார்கள். துப்புரவுப் பணியாளர்கள். உள்ளே நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. "அவர்கள் உட்காரட்டும், பிறகு பேசுகிறேன்" என்றேன். ஒரு நிமிடம் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு பெண் வந்து கடைசி வரிசையில், நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். மற்றவர்களும் வந்தார்கள். தறி, நாடா, எச்சில் என்று நான் சொல்லிமுடித்ததும் கேள்வி நேரம். யாரும் கேட்கவில்லை. வெளியே வரும்போது அந்தப் பெண் மட்டும் என்னிடம் கேட்டார்: "எங்க டம்ளரும் இங்கே தனியாத்தான் இருக்கு. அதையும் அந்தக் கண்ணாடிப் பெட்டியில வைப்பாங்களா?"

பழைய கட்டடங்களைக் காப்பாற்றுவதை நான் எதிர்க்கவில்லை. இடித்துத் தள்ளுவதைவிட அது மேல். ஆனால் சுவரைக் காப்பாற்றுகிறவர்கள் அதற்குள் நடந்ததையும் காப்பாற்றவேண்டும். தாதரில் இந்து மில் நிலத்துக்குள் 2011 டிசம்பர் 6 அன்று நம் மக்கள் நுழைந்து உட்கார்ந்தார்கள். சுமார் 12 ஏக்கர் நிலம் பாபாசாகேப் நினைவிடத்துக்கு என்று ஆனது அதற்குப் பிறகுதான். கேட்காமல் யாரும் தரவில்லை.

நாளை உங்களில் பலர் இப்படிப்பட்ட அலுவலகங்களுக்கு வேலைக்குப் போவீர்கள். போங்கள், அந்த நாற்காலி நமக்கும் உரியது. போன முதல் வாரத்திலேயே கேளுங்கள்: இங்கே யார் உழைத்தார்கள், யாரை உள்ளே விடவில்லை, இன்று யாருடைய டம்ளர் தனியாக இருக்கிறது?