ரேட் இல்லாத வேலை

திருப்பூரில் கேமிங் லேப்டாப் வாங்குகிறவர்களில் பலர் அதில் கேம் ஆடுவதில்லை, சாம்பிள் போடுகிறார்கள். வெளிநாட்டு பையருக்கு ஒரு ஹூடியைத் தைத்துக் கூரியரில் அனுப்ப வேண்டும். தோளைக் குறையுங்கள், கையை நீட்டுங்கள் என்று பதில் வரும். மறுபடி தைத்து அனுப்புவதற்குள் சீசனில் பாதி ஓடிவிடும். இந்த அலைச்சலைக் குறைக்கத்தான் க்ளோ, பிரவுஸ்வேர் போன்ற மென்பொருள்கள் வந்தன. பேட்டர்னைக் கணினியிலேயே வரைந்து, அங்கேயே தைத்து, ஒரு பொம்மை உடம்புக்குப் போட்டுச் சுற்றிக் காட்டிவிடலாம். சிங்கிள் ஜெர்சி துணி எப்படி விழும், ரிப் துணி எங்கே பிடிக்கும் என்று கணக்குப் போட வலுவான கிராபிக்ஸ் சிப் வேண்டும். க்ளோவில் அந்தக் கணக்கைச் சிப்பிடம் ஒப்படைக்க வேண்டுமானால் அது என்விடியாவாக இருக்க வேண்டும். இதற்கென்றே வரும் ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப்பின் விலையைக் கேட்டால் முதலாளி எழுந்து போய்விடுவார். அப்படித்தான் கீபோர்டில் கலர் விளக்கு ஓடும் கேமிங் லேப்டாப்கள் பனியன் கம்பெனிகளுக்குள் நுழைந்தன.

அவை பழுதானால் எங்கே போகின்றன என்று பார்க்கத்தான் குமரன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குப் போனேன். கீழே லேபிளும் எலாஸ்டிக்கும் விற்கும் கடை, மேலே ஒரு சிறிய அறை. சித்திரை வெயிலிலும் ஜன்னலை மூடி இடுக்குகளில் டேப் ஒட்டியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "தொறந்து வெச்சா மத்தியானத்துக்குள்ள டேபிள் மேல பஞ்சு படிஞ்சிருமுங்க" என்றார் கடைக்காரர்.

நாற்பதைத் தாண்டியவர். முன்பு நிட்டிங் மெக்கானிக்காக இருந்தவர். வட்ட நிட்டிங் மெஷினில் 30 இஞ்ச் டயா, 24 கேஜ் என்றால் 2,200-க்கும் மேல் ஊசிகள் இருக்கும். அதில் ஒரே ஓர் ஊசியின் கொக்கி வளைந்தாலும் துணியில் நெட்டாக ஒரு கோடு விழும். அந்த ஒன்றைத் தேடிப் பிடித்து மாற்றுவதுதான் அவருடைய அன்றைய வேலை. பிறகு மெஷின்களின் கன்ட்ரோல் போர்டுகளைப் பழுது பார்க்கப் பழகி, அங்கிருந்து லேப்டாப்புக்கு வந்திருக்கிறார்.

நான் போயிருந்த நேரத்தில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் சாம்பிள் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தார். முதலிபாளையம் நிஃப்ட்-டீ கல்லூரியில் படித்தவர், 3டி டிசைனர்.

"அண்ணா, பொம்மைக்கு ஹூடி மாட்டித் திருப்புனா நின்னு நின்னு வருதுங்கண்ணா. கிராபிக்ஸ் கார்டு போயிருச்சுன்னு எங்க ஐடி தம்பி சொல்லிட்டான்."

"போட்ட ஒடனே நிக்குதாம்மா, சித்த நேரம் கழிச்சா?"

"பத்து நிமிசம் நல்லா ஓடுதுங்க. அப்புறம்தான்."

"சார்ஜர் எங்க?"

"ஆபீஸ்லயே இருக்குதுங்க."

கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் தன் அலமாரியிலிருந்து அதே வகை சார்ஜரைத் தேடி எடுத்தார். லேப்டாப்பைத் திறப்பார் என்று எதிர்பார்த்தேன், திறக்கவில்லை. ஒரு கண்காணிப்பு மென்பொருளை ஓடவிட்டு, அந்தப் பெண்ணிடமே கொடுத்து, கம்பெனியில் செய்கிற அதே வேலையைச் செய்யச் சொன்னார். ஹூடி சுழல ஆரம்பித்தது. அவர் ஹூடியைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் ஓடும் மூன்று எண்களில்தான் கண் இருந்தது: சிப்பின் சூடு, அது இழுக்கும் வாட், அதன் வேகம்.

சூடு 70-ஐத் தாண்டியது, 80-ஐத் தாண்டியது. 87 டிகிரியை ஒட்டி வந்ததும் மேலே ஏறாமல் நின்றுவிட்டது. அதே நேரத்தில் 90-க்கு மேல் இருந்த வாட் சரசரவென்று பாதிக்கு இறங்கியது. ஹூடி நின்று நின்று சுற்றியது. "பாத்தீங்களா, சிப்பு நல்லாத்தான் இருக்குது. சுடுதுன்னு தெரிஞ்சதும் தானே கையைக் கட்டிக்குது" என்றார். என்விடியாவின் லேப்டாப் சிப்கள் பெரும்பாலும் இந்தச் சூட்டில்தான் தங்களைத் தாங்களே மட்டுப்படுத்திக்கொள்கின்றன. அது பழுதல்ல, எரிந்துபோகாமல் இருக்கச் செய்யும் தற்காப்பு. செத்த சிப்புக்கு இந்தச் சாமர்த்தியம் இருக்காது.

மூன்று எண்களையும் சேர்த்துப் படிப்பதில்தான் இந்தத் தொழிலின் பாதி இருக்கிறது. சூடு ஏறிய பிறகு வாட் இறங்கினால் குளிர்விப்பதில் கோளாறு. சூடே ஏறாமல், வாட்டும் ஆரம்பத்திலிருந்தே ஏறாமல் கிடந்தால் கரண்டையோ செட்டிங்கையோ சந்தேகப்பட வேண்டும். மூன்றும் ஒழுங்காக இருக்கும்போதே திரை கறுத்து மீண்டால் டிரைவர் மென்பொருளைப் பார்க்க வேண்டும். சிப்பின் மேல் கை வைப்பது கடைசியில்தான். ஆனால் ஊரில் எல்லோரும் சிப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அதன் பிறகுதான் லேப்டாப்பைத் திறந்தார். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். திருகுகளை ஒரு பழைய பட்டன் டப்பாவின் அறைகளில் இடம் மாறாமல் போட்டார். மூடியை எடுத்ததும் நான் எட்டிப் பார்த்தேன். விசிறி சுத்தமாகத்தான் தெரிந்தது. விசிறியின் மேல்தகட்டை நீக்கியதும்தான் விஷயம் வெளிப்பட்டது. விசிறிக்கும் வெப்பத்தை வெளியேற்றும் செம்பு, அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில், தலையணையிலிருந்து பிய்த்து எடுத்தாற்போல ஒரு பஞ்சுப் பட்டை. ட்வீசரால் பிடித்து இழுத்தார், கிழியாமல் முழுசாக வந்தது. சாம்பல் நிறம், அதில் அங்கங்கே நீலமும் சிவப்பும். எந்த கலர் துணியை வெட்டினார்கள் என்பதுகூட அதில் தெரிந்தது.

வேறு ஊர்களில் வீட்டுத் தூசி சேர்ந்து இந்த நிலைக்கு வர ஆண்டுகள் ஆகலாம், திருப்பூரில் மாதங்களே போதும். பருத்தி நூல் ஊசியில் ஓடும்போதும், கட்டிங் டேபிளில் கத்தி ஓடும்போதும், ஓவர்லாக்கில் ஓரம் நறுக்கும்போதும் நுண்ணிழைகள் காற்றில் எழுகின்றன. நிட்டிங் மெஷின்களின் தலைமேல் விசிறி வைத்திருப்பதே ஊசிகளில் பஞ்சு சேராமல் ஊதித் தள்ளத்தான். தள்ளப்பட்டது எங்கே போகும் என்று லேப்டாப்பைத் தயாரித்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். சாதாரணத் தூசி தூளாக இருக்கும், தகடுகளின் இடுக்கு வழியே ஓரளவு வெளியேறிவிடும். இழை அப்படிப் போகாது, குறுக்கே விழுந்து மாட்டும். மாட்டிய இழையில் அடுத்த இழை சிக்கும். போதாதற்கு, கேமிங் லேப்டாப் அடியிலிருந்துதான் காற்றை இழுக்கிறது. அதைத் துணி ரோல் மேலும், சாம்பிள் குவியல் மேலும் வைத்து வேலை செய்கிறார்கள்.

கம்பெனியிலேயே கம்ப்ரஸர் இருக்கிறதே, காற்றடித்தால் போகாதா என்று கேட்டேன். அதைச் செய்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகமாம். வெளியிலிருந்து அடித்தால் பட்டை இன்னும் உள்ளே அழுந்தும். கம்ப்ரஸர் காற்றில் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்திருக்கும். விசிறியை விரலால் பிடிக்காமல் அடித்தால் அது தன் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் போகும். பட்டையைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

சிப்பின் மேலிருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து, நடுவில் விலகி ஓரங்களுக்கு ஒதுங்கியிருந்தது. லேப்டாப் சிப்பு சூடாகி ஆறும்போதெல்லாம் பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக இப்படி வெளியே தள்ளப்படும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தார். மெஷின், மேசை, கை என்று திருப்பூரில் எதைத் துடைத்தாலும் பனியன் வேஸ்ட்தான். இந்த ஒரு மேசையில் மட்டும் அதற்கு அனுமதி இல்லை. அதிலிருந்து உதிரும் இழை சிப்பின் மேல் நின்றுவிடுமாம். பேஸ்ட்டுக்குப் பதிலாக, சூட்டில் இளகிப் படியும் ஹனிவெல் பிடிஎம்7950 என்ற தாளை ஒட்டினார். போலிகள் நிறைய வருகின்றன என்று எச்சரித்தார். ஹீட்சிங்க்கின் திருகுகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கிறது. அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால்தான் சிப்பின் மேல் அழுத்தம் சமமாக விழும். உதவியாளர் தம்பி ஒரே திருகை முழுசாக முறுக்கப் போனபோதுதான் அன்று முதல் முறையாக அவர் குரலை உயர்த்தினார்.

மறுபடி ஹூடி சுழன்றது. சூடு எழுபதுகளின் நடுவிலேயே நின்றது, வாட் இறங்கவில்லை. மாற்றிய பொருள் அந்த ஒரு தாள் மட்டும்தான்.

சார்ஜரைப் பற்றி அவர் ஏன் முதலிலேயே கேட்டார் என்பது அடுத்த லேப்டாப்பில் புரிந்தது. 200 வாட்டுக்கு மேல் தரும் அசல் சார்ஜர் கனம் என்று அதை வீட்டில் வைத்துவிட்டு, போனுக்கும் லேப்டாப்புக்கும் பொதுவான 65 வாட் டைப்-சி சார்ஜரில் ஓட்டியிருக்கிறார் ஒரு மெர்ச்சண்டைசர். பேட்டரி ஏறுகிறதே என்று அவருக்கு நிம்மதி. கிராபிக்ஸ் சிப்புக்கோ பட்டினி.

இன்னொரு குழப்பம் கடையில் வாங்கும்போதே தொடங்குகிறது. ஆர்டிஎக்ஸ் 4060 என்று ஒரே பெயர்தான், ஆனால் லேப்டாப் கம்பெனி அதற்கு 35 வாட் கொடுக்கலாம், 115 வாட்டும் கொடுக்கலாம். மெல்லிய உடம்புக்குக் குறைவு, தடித்ததற்கு அதிகம். ஒரே அலுவலகத்தில் ஒரே பெயருள்ள இரண்டு லேப்டாப், ஒன்று ஓடும், ஒன்று தவழும். தவழ்வதைப் பழுது என்று கொண்டுவருவார்கள். விலைச்சீட்டில் இந்த வாட்டைப் பெரிதாக அச்சடிக்க வேண்டும் என்று சட்டமே போடலாம் என்பது என் கருத்து.

டிரைவர் விவகாரம் சற்று நுணுக்கமானது. கிராபிக்ஸ் சிப்பு வழக்கமாக 2 நொடிக்குள் பதில் தராவிட்டால், அது உறைந்துவிட்டதாகக் கருதி விண்டோஸ் டிரைவரை மீட்டமைக்கும். விஸ்டா காலத்திலிருந்து இதுதான் நடைமுறை. கனமான துணிக் கணக்கு ஓடும்போது இது நடந்தால் திரை ஒரு கணம் கறுத்து, மென்பொருள் மூடிக்கொள்ளும். சேமிக்காத பேட்டர்ன் போயே போச்சு. பார்க்கிறவருக்கு இதுவும் கார்டு போன மாதிரிதான். விண்டோஸ் அப்டேட் தானாக ஒரு டிரைவரைப் போட்டு, முந்தையதன் மிச்சத்தோடு அது மோதினாலும் இப்படி ஆகும். பழையதை டிடியு என்ற இலவசக் கருவியால் வேரோடு நீக்கிவிட்டு, கேமுக்கானதை விடுத்து ஸ்டூடியோ டிரைவரைப் போடுகிறார். சில லேப்டாப்களில் க்ளோ பாவம், என்விடியா இருப்பதே தெரியாமல் பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். செட்டிங்கில் ஒரு வரி மாற்றினால் தீர்ந்தது.

உண்மையிலேயே சிப்பு சாவதும் உண்டு. 2008 ஜூலையில் என்விடியாவே தன் பழைய லேப்டாப் சிப்கள் சிலவற்றின் கட்டுமானப் பொருள் பலவீனமானது என்று ஒப்புக்கொண்டு, பழுதுச் செலவுக்கு 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. உலகமெங்கும் போர்டைச் சூடு காட்டி உயிர் கொடுக்கும் வைத்தியம் பரவியது அந்தக் காலத்தில்தான். இன்றும் சில கடைகளில் எந்தக் கோளாறுக்கும் ஹாட் ஏர் கன்னை எடுத்துவிடுகிறார்கள். ஈயம் கலக்காத சால்டர் உருக ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் சுற்றியுள்ளவையும் வேகும். திரை திரும்ப வரும், சில வாரத்தில் மறுபடி போகும். "ஹீட் போட்டுக் குடுத்தா காசு ஒடனே வருமுங்க. அந்தாளு திரும்ப வருவாருல்ல?" என்றார் நம்மவர். அவர் அதைச் செய்வதில்லை. சிப்பு போனதென்று உறுதியானால் போர்டு மாற்றச் சொல்கிறார், அல்லது வேண்டாம் என்கிறார்.

காசு விஷயத்துக்கு வந்தோம். 2024-25-இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த ஊர் இது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்த பிறகு கம்பெனிகள் புது லேப்டாப் வாங்குவதைத் தள்ளிப்போட்டன, பழையதே திரும்பத் திரும்ப வருகிறது என்றார். அப்படியானால் வருமானம் கூடியிருக்குமே என்றேன். சிரித்தார்.

திருப்பூரில் எதற்கும் ஒரு ரேட் உண்டு. காலர் வைக்க, கை மடிக்க, பிசிறு வெட்ட, அயர்ன் போட எல்லாவற்றுக்கும் பீஸுக்கு இவ்வளவு என்று பேசி, சனிக்கிழமை கணக்கு முடித்துவிடுவார்கள். லேப்டாப்பிலும் பார்ட் மாற்றினால் ரேட் பேசலாம். ஒரு மணி நேரம் மூன்று எண்களைப் பார்த்துக்கொண்டிருந்து, சிப்பில் குற்றமில்லை என்று கண்டுபிடிப்பதற்கு ரேட் கிடையாது. "பஞ்சுதான எடுத்தீங்க, அதுக்கா இவ்வளவு?" என்று கேட்கிறார்கள். நிட்டிங் மெக்கானிக்காக இருந்தபோது ஊசியைத் தேடிய நேரத்துக்கும் அவருக்கு மாதச் சம்பளம் வந்தது. இன்று அதே தேடலை இலவசமாகச் செய்கிறார். நியாயமாகப் பார்க்கிறவருக்கு வருமானம் குறைவு, கார்டு போச்சு என்று கூசாமல் சொல்கிறவருக்கு அதிகம். இது மெக்கானிக்குகளின் குணக்கேடு அல்ல, நாம் காசு கொடுக்கும் முறையின் கோளாறு.

லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துப் போகிறவர்கள் அதனோடு வந்த சார்ஜரையும் கொண்டுபோங்கள். என்ன வேலை செய்யும்போது நின்றது, எத்தனை நிமிடம் கழித்து, சார்ஜரிலா பேட்டரியிலா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கார்டு போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னால் எந்த எண்ணைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். பார்ட் எதுவும் மாற்றவில்லை, சரியாகிவிட்டது என்றால், பார்த்ததற்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.