தோட்டாவுக்கு நடுவே ரோல் மாற்றுவது

போர்ப் புகைப்படக்காரர் டான் மெக்கல்லினின் நிகான் எஃப் கேமராவில் எல்லோரும் தேடுவது தோட்டா பட்ட இடத்தை. 1970இல் கம்போடியாவில் ஏகே-47 தோட்டா அதில் பாய்ந்தது, மனிதர் பிழைத்தார். என் கண் போவதோ கேமராவின் அடியிலுள்ள மடக்குச் சாவியின் மேல். அதைத் திருப்பினால் பின்மூடி முழுதாகக் கழன்று கையோடு வந்துவிடும். கீல் கிடையாது.

அதை வைத்துக்கொண்டு ஒருவர் சேற்றில் குப்புறப் படுத்திருக்கிறார். 36 படமும் முடிந்தாயிற்று. ஷட்டர் பொத்தானைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பி, இடப்பக்கக் கைப்பிடியைச் சுழற்றுகிறார். விரலில் இருந்த இறுக்கம் சட்டென்று விடுகிறது. ஃபிலிம் நுனி ஸ்பூலை விட்டுக் கழன்றுவிட்டதென்று பார்க்காமலே தெரியும். கழற்றிய மூடியை அக்குளில் இடுக்கிக்கொள்கிறார். புது ரோலின் நுனியை ஸ்பூலின் பிளவில் செருகி, பற்கள் துளைகளில் பொருந்தியதா என்று பார்க்கிறார். இதற்குள் எதிரே எதுவும் நடந்து முடிந்திருக்கலாம். வியட்நாம் போரில் புகைப்படக்காரர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்ததற்கு வெவ்வேறு லென்ஸ் ஒரு காரணம்; இந்த அவஸ்தை இன்னொன்று.

ரோலில் மிச்சம் எத்தனை என்ற கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். 1968இல் ஹுவே நகரில், அதிர்ச்சியில் உறைந்துபோன அமெரிக்க மரைன் வீரரை மெக்கல்லின் ஐந்து முறை எடுத்தார். ஐந்திலும் அந்த வீரர் இமைக்கக்கூட இல்லை. இன்றைய கேமராவாக இருந்தால் ஐம்பது எடுத்திருப்பார். அந்த ஐந்துக்கு மேல் எதுவும் கூடியிருக்காது என்றே எனக்குப் படுகிறது.

இவ்வளவு இடைஞ்சலோடும் அந்தக் கேமராவை நம்பினார்கள் என்றால், அது சுருள்வில்லின் விசையில் ஓடியதால்தான். 1982இல் வந்த நிகான் எஃப்எம் 2வும் அதே வம்சம். பேட்டரி தீர்ந்தால் லைட் மீட்டர் மட்டும் போகும்; ஷட்டரோ நொடியில் 4000இல் ஒரு பங்கு வரை தயங்காமல் அடிக்கும். வேகம் மேலுள்ள டயலிலும் துவாரம் லென்ஸ் வளையத்திலும் பொறித்திருக்கும். இருட்டில் 'டக் டக்' என்ற சத்தத்தை எண்ணியே வைத்துவிடலாம். மின்சாரமே இல்லாத மலைகளில் வாரக்கணக்கில் நடப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

கடுங்குளிர்தான் அதற்கும் எமன். எண்ணெய் இறுகும், ஃபிலிம் விறைத்து ஒடியும். எடுத்த படம் விழுந்ததா என்பதும் உடனே தெரியாது. ஹெலிகாப்டரில் வந்தவரிடமோ விமானம் ஏறும் பயணியிடமோ ரோலைக் கொடுத்தனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று காத்திருக்க வேண்டும்.

மாலைக்குள் படம் பத்திரிகைக்குப் போயாக வேண்டிய இன்றைய போர்முனையில் ஃபிலிம் கேமராவையே முதல் கேமராவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். பையின் அடியில் ஒரு எஃப்எம் 2வும் நான்கு ரோலும் கிடக்கட்டும் என்பேன். சார்ஜ் போட ஊரில் கரன்ட் இல்லாத நாள் போரில் நிச்சயம் வரும்.